அடிநிலம் இல்லாத நெய்தல்

சென்ற இதழில் நெய்தல் இலக்கியத்தின் தொடர்ச்சி பற்றி வெளிவந்த நீண்ட கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். சங்கப் பாடல்களில் தொடங்கி, 'செம்மீன்', 'கடல்புரத்தில்', 'வாடைக்காற்று', 'ஆழி சூழ் உலகு' என்று வந்து, ஈற்றில் பாக்குநீரிணையில் இன்று நடக்கும் மீன்பிடிப் பிரச்சினையில் அதை நிறுத்தியிருந்தார் கட்டுரையாளர். உழைத்து எழுதப்பட்ட கட்டுரை. மீனவரை வெறும் காதல் கதைப் பாத்திரமாக்கும் போக்கை அவர் சாடியிருப்பதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் வாசித்து முடித்தபின் ஒரு கணக்குப் பார்த்தேன். அலை வருகிறது, காற்று வருகிறது, உப்பு வருகிறது, கண்ணீர் வருகிறது, வள்ளம் வருகிறது, எல்லைக்கோடு வருகிறது, கடற்படை வருகிறது. தண்ணீருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. மீன் வருகிறது, பிடிபட்ட மீனாக மட்டும் வருகிறது. அது எங்கே பிறந்தது, எதைத் தின்றது, எதற்குள் ஒளிந்து வளர்ந்தது என்பது அந்தக் கட்டுரைக்குத் தேவைப்படவில்லை.

இது அவருடைய தனிப்பட்ட குறையென்றால் ஒரு வாசகர் கடிதத்தோடு விட்டிருப்பேன். எங்கள் விமர்சன மரபு முழுவதற்கும் உள்ள நோய் இது என்று நினைப்பதால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

சங்கப் புலவர்களில் குற்றம் காண்பது கடினம். கழி, கானல், அடும்பு, தாழை, புன்னை, கண்டல், நண்டு, சுறா, நாரை என்று அவர்கள் கரையை மிகச் சரியாகப் பார்த்திருக்கிறார்கள். கழியில் நீர் ஏறுவதையும் இறங்குவதையும் நண்டு மணலில் ஓடுவதையும் பார்க்காமல் அப்பாடல்களை எழுதியிருக்க முடியாது. கண்டல் என்ற சொல் அன்றிலிருந்து இன்றுவரை அதே தாவரக் கூட்டத்தைக் குறித்து நிற்கிறது. எங்கள் பக்கம் அதையே கண்ணாப் பற்றை என்பார்கள். கரையிலிருந்து பார்த்தவர்கள் என்பதால் கழியோடு அவர்கள் பார்வை முடிகிறது. அப்பால் உள்ளதெல்லாம் 'பெருங்கடல்'. அது அவர்கள் நின்ற இடம். பிழை பின்னால் வந்த எங்களுடையது. முதல், கரு, உரி என்று இலக்கணம் மூன்றாகப் பிரித்துத் தந்ததில் 'உரி'யைத் தூக்கி வைத்துக்கொண்டு 'கரு'வைப் பின்னணித் திரையாக்கினோம். நெய்தல் என்றால் இரங்கல் என்று பரீட்சைக்கு எழுதிப் பழகினோம். ஏ.கே. ராமானுஜன் 1967இல் தன் மொழிபெயர்ப்புத் தொகுப்புக்கு வைத்த ஆங்கிலத் தலைப்பே 'உள்ளே இருக்கும் நிலம்' என்ற பொருளைத் தருவது. மனத்துள் இருக்கும் நிலத்துக்குக் கடற்புல் தேவையில்லை.

இதற்கு மறுதலையாக, திணைக்குப் பொருளாதார அடித்தளம் உண்டென்று காட்டியவர் கா. சிவத்தம்பி. 1974இல் அவர் எழுதிய திணைக் கோட்பாடு பற்றிய ஆங்கிலக் கட்டுரை எங்களில் பலருக்குக் கண் திறப்பு. ஆனால் அங்கும் நெய்தல் என்பது மீனும் உப்பும் எடுக்கப்படும் இடம். உற்பத்தி முறையின் ஒரு படி. எடுக்கப்படுவது எப்படி உண்டாகிறது என்ற கேள்வி மார்க்சியரான எமக்கும் எழவில்லை. வயலைப் பற்றி எழுதினால் மண்ணைப் பற்றி எழுதாமல் விடுவோமா? மருதத்துக்கு மண் உண்டு, நீர் உண்டு, வாய்க்கால் உண்டு. நெய்தலுக்கு மட்டும் அடிநிலம் கிடையாது.

நாவல்களுக்கு வருவோம். தகழியின் 'செம்மீன்' மலையாளத்தில் 1956இல் வந்தது. பெயரே இறால் வகையைக் குறிப்பது. அந்த நாவலின் ஆலப்புழைக் கரைக்குத் தெற்கே, கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில், 1953இலேயே இந்திய - நோர்வேத் திட்டம் தொடங்கிவிட்டது. அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் இயந்திரப் படகும் குளிரூட்டிய இறால் ஏற்றுமதியும் கடலடியை வாரும் இழுவைமடியும் அந்தக் கரையிலிருந்து பரவின. கேரளத்தின் சிறு மீனவர்கள் பல வருடம் போராடி 1988இல்தான் மழைக்கால இழுவைத் தடையைப் பெற்றார்கள். 'செம்மீன்' கடலம்மாவையும் பெண்ணின் கற்பையும் பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில் செம்மீனின் வரலாறே மாறிக்கொண்டிருந்தது. நாவலாசிரியர் தீர்க்கதரிசியாக இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த நாவலை அரை நூற்றாண்டுக்கு மேலாக வாசித்த விமர்சகர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் முறைப்பாடு.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) வள்ளத்துக்கும் லாஞ்சுக்கும் இடையிலான பகையைக் கொண்டுவந்தது. அது பெரிய விடயம். ஆனால் அங்கு மோதல் மனிதருக்கிடையே கரையில் நடக்கிறது. லாஞ்சு கடலுக்குள் என்ன செய்கிறது என்று நாவல் போய்ப் பார்க்கவில்லை. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' எங்களுக்கு நெருக்கமானது. நெடுந்தீவு, வாடி, பருவத்தோடு வரும் தொழிலாளர், கூழைக்கடா எல்லாம் அதில் சரியான இடத்தில் இருக்கின்றன. எழுதியவர் புவியியல் படித்தவர் என்பது தெரிகிறது. காற்றையும் பறவையையும் அறிந்த அந்தப் புவியியலாளரின் கண்ணும் நீர்மட்டத்தில் நின்றுவிட்டது. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) இவற்றிலிருந்து வேறுபட்டது. கடலுக்குள்ளிருந்து கரையைப் பார்க்கும் பெரிய தமிழ் நாவல் என்று அதையே சொல்வேன். காற்றும் நீரோட்டமும் அங்கு தொழிலாளியின் வாய்மொழியில் வருகின்றன. அதை 'வட்டார வழக்கு' என்று பாராட்டி நாங்கள் ஒதுக்கிவிட்டோம். அந்தச் சொற்கள் வழக்கு மட்டுமா? அவை அறிவு. ஒரு சமூகம் பல தலைமுறை உயிரைக் கொடுத்துச் சேர்த்த கடலறிவை 'மண்வாசனை' என்று சொல்லி மூடிவைப்பதற்கு எங்கள் விமர்சகர்கள் நன்றாகப் பழகியிருக்கிறார்கள்.

சரி, அந்த அடியில் அப்படி என்னதான் இருக்கிறது? யாழ்ப்பாணத்தவர் எவருக்கும் 'பரவைக்கடல் மீன்' என்ற சொல் தெரியும். ஆழ்கடல் மீனைவிட அதற்குச் சந்தையில் மதிப்பு. புலம்பெயர்ந்த சஞ்சிகைகளில் ஒடியற்கூழ் பற்றி வந்த நினைவுக் கட்டுரைகளை அடுக்கினால் ஒரு றாத்தல் நிறை வரும். அவற்றில் ஒட்டியும் ஓராவும் நண்டும் இறாலும் தவறாமல் இருக்கும். ஒட்டியும் ஓராவும் புல்மேய்கிற மீன்கள். பரவைக்கடலின் அடியில் விரிந்திருக்கும் கடற்புல்லிலும் அதில் படரும் பாசியிலும் மேய்ந்து வளர்பவை. கூழைப் பற்றி இவ்வளவு எழுதிய நாங்கள் அந்தப் புல்லைப் பற்றி எழுதவில்லை.

கடற்புல் பாசியல்ல. நிலத்திலிருந்து மீண்டும் கடலுக்குள் இறங்கிய பூக்கும் தாவரம். வேர் உண்டு, மண்ணுக்குள் கிடையாக ஓடும் தண்டு உண்டு, பூ உண்டு, விதை உண்டு. பெரும்பாலான இனங்களில் மகரந்தம் தண்ணீருக்குள்ளேயே நூல்போல மிதந்து போய்ச் சேரும். பாக்குநீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இதில் பத்துக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. அந்தக் கிடைத்தண்டு மணலைப் பிடித்து வைக்கிறது. இலைகள் நீரோட்டத்தைத் தணிக்க, கலங்கலில் உள்ள மண் கீழே படிந்து நீர் தெளிகிறது. தெளிந்தால்தான் வெளிச்சம் இறங்கும். வெளிச்சம் இறங்கினால்தான் புல் வளரும். புல் தன் வெளிச்சத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்று வகுப்பில் சொல்லுவேன். இறால் குஞ்சும் நீலக்கால் நண்டின் குஞ்சும் அதற்குள் ஒளிந்து வளர்கின்றன. கடலட்டை அதன் இடையில் மணலைத் தின்று, அதிலுள்ள சத்தை எடுத்துக்கொண்டு மணலைத் திருப்பி விடுகிறது. தோட்டத்தில் மண்புழு செய்யும் வேலை. கடற்பசு, பாக்குநீரிணையின் மறுகரையில் ஆவுளியா எனப்படுவது, முழுக்க இந்தப் புல்லை நம்பியே உயிர் வாழ்கிறது. தமிழ்நாடு அரசு 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரத்தில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுக் காப்பிடமாக அறிவித்தது. பத்திரிகைகள் கடற்பசுவின் படத்தைப் போட்டன. காக்கப்பட வேண்டியது அது மேயும் தரை என்று எழுதியவை குறைவு.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மற்றவர்களை மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது. ஊரில் நான் விலங்கியல் விரிவுரையாளனாக இருந்தேன். 2003இல், சமாதானப் பேச்சுக் காலத்தில், மாணவர்களைக் கடல்நீரேரிக் கரைக்குக் கூட்டிப் போனோம். தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்த ஒரு பொடியன் வகுப்பில் வாய் திறவாதவன். அன்று முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு காலால் தடவியே அடியில் இருப்பதைச் சொன்னான். இது மணல், இது சேறு, இதில் நண்டு நிற்கும், இதில் நிற்காது என்று. கரையில் ஒதுங்கிக் கிடந்ததைக் காட்டி, "சேர், இதுக்குச் சாதாளை எண்டுதான் நாங்கள் சொல்லுறது. ஐயாக்கள் முந்தித் தோட்டத்துக்குத் தாழ்க்கிறவை" என்றான். உயிரோடு நிற்கும்போது அதில் வேறு வேறு வகைக்கு வேறு வேறு பெயர் உண்டு என்றும் சொல்லத் தொடங்கினான். நான் இடைமறித்து, சாதாளை என்ற சொல் பாசியையும் புல்லையும் கலந்து குழப்புகிறது, விஞ்ஞானப் பெயரைப் பாடமாக்கு என்றேன். பரீட்சையில் அவன் அந்தச் சொல்லை எழுதியிருந்தான். சிவப்பு மையால் வெட்டி 'தலசியா' என்று எழுதினேன். அவன் சொல்லத் தொடங்கிய மற்றப் பெயர்களை நான் கேட்டுக் குறித்துவைக்கவில்லை. பிறகு யுத்தம் வந்தது. அந்தக் கரையில் அந்தச் சொற்களை அறிந்த எத்தனை பேர் இன்று இருப்பார்களோ?

ஆகவே 'வெள்ளாள விமர்சகர்களுக்குக் கடல் தெரியாது' என்று சொல்லித் தப்பிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. சாதியின் வேலை வெளிப்படையான அவமதிப்பில் மட்டும் நடப்பதில்லை. யாருடைய சொல் விடைத்தாளில் நிற்கலாம், யாருடையது நிற்கக்கூடாது என்பதிலும் நடக்கிறது. விமர்சனத்திலும் அதுவே நடந்திருக்கிறது.

ஆச்சரியம் என்னவென்றால் வெள்ளைக்காரன் இதில் எங்களைவிடக் கெட்டிக்காரனாக இருந்தான். வருமானம் வேண்டுமென்றால் காது தானாகத் திறக்கும் போலும். மன்னார் முத்துக்குளிப்பு நிலங்களின் பழைய வரைபடங்களைப் பாருங்கள். சேவல் பார், பெரிய பார் என்று கடலடியின் திட்டுகளுக்கெல்லாம் தமிழ்ப் பெயர். சிப்பி ஒட்டும் கற்றரையைப் 'பார்' என்று சொன்னவன் குளியாளி. அதை ஆங்கில எழுத்தில் பதித்தவன் காலனி உத்தியோகத்தன். ஜேம்ஸ் ஹோர்னெல் 1914இல் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆனால் 1906இல் அந்த முத்துப் பார்களை லண்டன் கொம்பனி ஒன்றுக்கு நீண்ட குத்தகைக்குக் கொடுத்தார்கள். ஓரிரு வருடத்தில் சலாபம் படுத்துவிட்டது. பெயரைத் தெரிந்துகொண்டவன் தரையைக் காப்பாற்றினான் என்பதற்கில்லை. இருந்தாலும் தண்ணீருக்குள் ஓரிடத்துக்குத் தமிழில் பெயர் இருந்தது, அது ஒரு 'ஊர்'போல அறியப்பட்டிருந்தது என்பதற்கு அந்த வரைபடங்கள் சாட்சி. 'நெய்தல் நிலம்' என்று பேசுபவர்கள் அந்த வரைபடத்தையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம்.

இன்றைய பிரச்சினைக்கு வருகிறேன். சென்ற இதழ்க் கட்டுரை பாக்குநீரிணையை 1974, 1976 ஒப்பந்தங்கள், கச்சதீவு, கடற்படையின் அட்டூழியம், தொப்புள்கொடி உறவு என்ற சொற்களால் மட்டும் விளக்குகிறது. இவையெல்லாம் உண்மையான விடயங்கள். கடலில் சுடப்பட்டு இறந்த தமிழகத் தொழிலாளர்களை எவரும் மறக்க முடியாது. ஆனால் இந்தச் சொற்களுக்குள் நின்றால் கேள்வி ஒன்றே ஒன்று: மீன் யாருடையது? மீன் நிற்கும் தரைக்கு என்ன நடக்கிறது என்ற கேள்வி வெளியே நிற்கிறது.

இழுவைமடி வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும். வலையின் வாயைத் திறந்து வைக்க இரண்டு பக்கமும் பாரமான பலகைகள். அவை தரையைக் கீறிக்கொண்டு போகும். வாயின் கீழ்விளிம்பில் சங்கிலி. அது தரையைத் தட்டி இறாலைக் கிளப்பும். பின்னால் வரும் மடியின் கண் சிறியது. குஞ்சும் குருமனும் கடலட்டையும் பிடுங்கின புல்லும் எல்லாம் சேர்ந்து வரும். புல்லின் கிடைத்தண்டு ஒருமுறை அறுந்தால், இனத்தைப் பொறுத்து, திரும்ப மூடுவதற்கு வருடங்கள் ஆகும். கிளம்பிய சேறு பக்கத்துப் புல்லுக்கும் வெளிச்சத்தை மறைக்கும். மேலே சொன்ன சங்கிலி அப்படியே தலைகீழாகத் திரும்பும்: புல் போக நீர் கலங்கும், நீர் கலங்க இன்னும் புல் போகும். பாக்குநீரிணை ஆழமில்லாத கடல். அதன் மேல் இராமேஸ்வரத்து றோலர்கள் வாரத்துக்கு மூன்று நாள் இறங்குகின்றன. யுத்த காலத்தில் எங்கள் தொழிலாளர் கரையில் முடக்கப்பட்டிருந்தபோது அந்த வெறுமையான கடல் அவர்களுக்கு வழமையான தொழில்நிலமாகியது. 2009க்குப் பிறகு இவர்கள் திரும்பிப் போனபோது வலை அறுந்தது மட்டுமே செய்தியாகியது.

இதைச் சொன்னால் 'தமிழகத்துக்கு எதிராகப் பேசுகிறாய்' என்பார்கள். குருநகரிலும் றோலர்கள் இருந்தன, இருக்கின்றன என்று சேர்த்துச் சொன்னால் 'எங்களையே காட்டிக்கொடுக்கிறாய்' என்பார்கள். இலங்கைப் பாராளுமன்றம் 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டில் இந்தியா பாக்குநீரிணையின் 2000 றோலர்களை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டத்தை அறிவித்தது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. பிடிபட்டுச் சிறைக்குப் போவது பெரும்பாலும் கூலிக்குப் போனவன். முதலாளி கரையில் இருக்கிறான். இரண்டு கரையிலும் தொழிலாளியை நேசிப்பவர்கள் முதலில் அந்தச் சங்கிலியையும் பலகையையும் பற்றிப் பேச வேண்டாமா?

நான் இப்போது வேலை செய்வது நோர்வேயின் வடகரையில் ஒரு மீன் தொழிற்சாலையில். வெட்டு மேசையில் நிற்கிறவனுக்கு மீன் எதால் பிடிபட்டதென்பது ஓரளவு தெரியும். இழுவையில் வந்தது நசிந்திருக்கும். கேரளக் கரைக்குத் திட்டம் கொண்டுபோன அதே நாடு இது. காரைநகரில் 'சீநோர்' தந்த படகையும் வலையையும் நன்றியோடு நினைப்பவர்கள் எங்களில் உண்டு, நானும் நினைக்கிறேன். ஆனால் தன் கடலின் அடியில் குளிர்நீர்ப் பவளப் பாறைகள் இழுவையால் நொறுங்குகின்றன என்று தெரிந்ததும் 1999இலேயே இந்த நாடு சட்டம் போட்டு சூலா பாறையை மூடியது. 2002இல் ரொஸ்ட் தீவுக்கு வெளியே 35 கிலோமீற்றருக்கு நீண்ட இன்னொரு பாறை கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த வருடமே அங்கும் இழுவை தடை. அதற்குள் பாறைகளில் 30 முதல் 50 வீதம் வரை பாதிக்கப்பட்டோ அழிந்தோ போயின என்று இங்குள்ள ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். இவர்கள் நல்லவர்கள், நாங்கள் கெட்டவர்கள் என்று இதை வாசிக்கக்கூடாது. இவர்கள் கமராவை இறக்கித் தரையைப் பார்த்தார்கள். படம் பத்திரிகையில் வந்தது. அதன்பின் விவாதம் தரையைப் பற்றியதாக மாறியது.

எங்கள் விவாதம் மாறுவதில்லை. 2021இல் கௌதாரிமுனையில் கடலட்டைப் பண்ணை பற்றிய சர்ச்சை எழுந்தபோது எங்கள் வானொலிகளும் சஞ்சிகைகளும் பேசியது சீனாவைப் பற்றி. வேலி அடைக்கப்படும் களப்புத்தரை மீன்குஞ்சு வளரும் இடமா, களங்கட்டி போடுபவனும் நண்டு வலை விடுபவனும் எந்தப் பாதையால் போவது என்று கரையில் இருந்த சங்கங்கள் கேட்ட கேள்வி, கொடியின் நிறத்தில் மறைந்துபோனது. உள்ளூர் முதலாளி அதே வேலியை அடைத்தால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லையா?

மரம் நடுகிற அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 2004 கடற்கோளுக்குப் பின் இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் பின்னர் போய்ப் பார்த்தார்கள். 9 இடங்களில் ஒரு செடியும் மிஞ்சவில்லை. கண்டல் எந்த நீர்மட்டத்தில் நிற்கும் என்று பாராமல், படமெடுக்க வசதியான சேற்றில் ஊன்றியதே முக்கிய காரணங்களில் ஒன்று. இங்கிருந்து காசு அனுப்பும் ஊர்ச் சங்கங்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

'இலக்கியம் என்ன உயிரியல் பாடப்புத்தகமா?' என்று கேட்கப்படும் என்பது எனக்குத் தெரியும். இல்லைத்தான். ஆனால் இந்தக் கேள்வி மருதத்தைப் பற்றியோ முல்லையைப் பற்றியோ கேட்கப்படுவதில்லை. மழை பொய்த்த வயலைப் பற்றி ஒரு கதை வந்தால் அதில் மண்ணின் தன்மை பிழையாக இருந்தால் எங்கள் விமர்சகர் உடனே பிடிப்பார். ஏனென்றால் அவருக்கு அந்த மண் தெரியும். ரேச்சல் கார்சன் 1955இல் கடலோரத்தைப் பற்றி எழுதிய நூல் உயிரியலாகவும் இருக்கிறது, நல்ல உரைநடையாகவும் இருக்கிறது. எங்களிடம் அப்படி எழுதக்கூடியவர்கள் இல்லை என்று நான் நம்பவில்லை. இராமேஸ்வரத் தீவிலும் மன்னார் வளைகுடாக் கரையிலும் விரலில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கிப் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். எந்த நாட்களில் எடுப்பது, எந்த நாட்களில் விடுவது என்று தங்களுக்குள் தீர்மானித்து வைத்திருக்கிறார்கள். தேசியக் கடற்பூங்கா என்று 1986இல் கோடு கீறிய அரசு அவர்களைப் பல காலம் திருடரைப்போல நடத்தியது. கடலடியை நாளாந்தம் கண்ணால் காணும் தமிழர் அவர்கள். நெய்தல் சிறப்பிதழ் வரப்போவதாக ஆசிரியர் குழு அறிவித்திருக்கிறது. அதில் அப்படி ஒருவரின் வாய்மொழியை, திருத்தாமல், 'வழக்கு' என்ற அடிக்குறிப்பு இல்லாமல் போட முடியுமா என்று கேட்கிறேன். பதிவுசெய்து எழுத்தில் இறக்கும் வேலையைச் செய்ய நான் தயார். இரவு வேலைக் கிழமைகளில் மட்டும் நேரம் கிடையாது.

இன்னொரு சிறு திருத்தம். சென்ற இதழ்க் கட்டுரையோடு வந்த படத்தின் கீழே 'கரையொதுங்கிய கடற்பாசி' என்று போட்டிருக்கிறது. இடது மூலையில் உள்ளதைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள்: கணுக்கணுவான தண்டு தெரியும், அதிலிருந்து இறங்கும் வேரும் தெரியும். அது பாசியல்ல, சாதாளை.